இரண்டாவது பொத்தான்

அத்தியாயம் பதினொன்று

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பால்ராஜ் கண்ணாடி முன்னால் நின்று இடது கையால் தலை வாரிக்கொண்டிருந்தான். வகிடு கோணலாக வந்தது. கலைத்துவிட்டு மறுபடி வாரினான். மறுபடியும் கோணல்.

"நான் வாரிவிடட்டுங்களா?" என்றாள் அருள்செல்வி.

"வேணாம்."

அவள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். போன மழைக்காலத்திலிருந்து அந்த வீட்டில் அதிகம் கேட்ட சொல் அதுதான். சோறு வேணாம். மாதா கோயில் வேணாம். யாரும் பார்க்க வர வேணாம். அப்படிப்பட்டவன் இன்று வெளுத்த சட்டை போட்டு வெளியே கிளம்புகிறான் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் ஓட்டிய பவர் பிரஸ் அவனுடைய வலது கையிலிருந்து மூன்று விரல்களை எடுத்துக்கொண்ட கதை மேனாம்பேடு முழுக்கத் தெரியும். அதற்குக் காரணம் மட்டும் ஊரில் இரண்டு விதமாகப் பேசப்பட்டது.

அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கி அடிக்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கை உள்ளே மாட்டாது. ஒரு பொத்தானைக் கட்டிவைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டியிருக்கிறான், அவன் குற்றம்தான் என்று சொல்லிக் கம்பெனி அவனை வேலையை விட்டு நீக்கியது. பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக் கிடந்தது, சூப்பர்வைசர் பக்தவத்சலத்திடம் சொன்னேன், 'ஓட்டு, அப்புறம் பாத்துக்கலாம்' என்றார் என்பது தொழிலாளர் கோர்ட்டில் பால்ராஜ் சொன்னது.

அதே பட்டறையில் ரிப்பேர் வேலை பார்க்கும் தம்பி டேவிட், வருகிற திங்கட்கிழமை கூண்டில் ஏறி அதையே சொல்லப்போகிறான். ஜெயித்தால் பால்ராஜுக்கு உள்ளேயே, கேட்டிலோ ஸ்டோரிலோ ஒரு வேலை கிடைக்கும். தோற்றால் கிடையாது. இரண்டு விரல் கையை எஸ்டேட்டில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அருள்செல்வி கணவன் சொன்னதை நம்பினாள். நம்பினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வேறு விதமாக நடந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

டேவிட் ஷிஃப்டுக்குக் கிளம்பியவன் வாசலில் நின்று சிரித்தான்.

"இன்னா அண்ணி, நாலாங் கிளாஸ்ல பென்ச்சு மேல ஏறி நின்ன ஆளு இன்னிக்கு வாத்தியாரா? ஆண்டவரே, அந்தப் புள்ளிங்கள நீதான் காப்பாத்தணும்."

"போடா டேய்," என்றான் பால்ராஜ். அவன் உதட்டில் லேசாக ஏதோ அசைந்தது. அருள்செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

டேவிட் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டடி போனவன் திரும்பி வந்தான். சிரிப்பு போயிருந்தது.

"அண்ணே. யாராச்சும் கேட்டா ஜாம் ஆயி கெடந்துச்சின்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒண்ணும் பேசிக்கினு இருக்காத. இன்னா?"

பால்ராஜ் தலையை ஆட்டினான்.

கோர்ட் நேரத்தில் வாயைக் கட்டுவது நல்லதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

*

அருள்செல்வி பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பெட்டி ஒன்று இருந்தது. மேலிடத்திலிருந்து வந்தது. லென்ஸ், காந்தம், கண்ணாடிக் குழாய் எல்லாம் அதில் உண்டு என்று சொல்வார்கள். வந்த நாளிலிருந்து அது தலைமையாசிரியை சிஸ்டர் செலினின் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. "ஒடைஞ்சா நான்தானேம்மா பதில் சொல்லணும்," என்பார் செலின். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

அதனால் அருள்செல்வி தன் துணைக்கருவிகளைத் தெருவிலிருந்து பொறுக்குவாள். சோடா மூடி, ஐஸ் குச்சி, காலண்டர் அட்டை, மெக்கானிக் ஷெட்டில் தூக்கிப் போட்ட பேரிங் குண்டு. திருவள்ளூரில் ஒரு பயிற்சியில், 'பொருள்கள் மட்டும் துணைக்கருவி இல்லை, ஊரில் இருக்கும் மனிதர்களும்தான். அவர்களை வகுப்புக்குள் அழைத்து வாருங்கள்' என்று சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற ஆசிரியைகள் அதைக் கேட்டுக்கொண்டே டிபன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டாள். தபால்காரர் வந்து ஒரு கடிதம் எப்படிப் பயணம் போகிறது என்று சொன்னார். நர்ஸ் நாகம்மா வந்து காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தாள்.

இன்று ஏழாம் வகுப்புக்கு மின்சுற்று. கல்வி அலுவலர் இராமகிருஷ்ணன் பார்வையிட வருகிறார். தொடர் இணைப்பு என்று போர்டில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடும். இரண்டு பொத்தான் உள்ள பிரஸ் மெஷினைக் காட்டினால்? வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பாக்கள் எஸ்டேட்டிலும் பக்கத்து ஊரான பாடியிலும் மெஷின் ஓட்டுகிறவர்கள்.

டேவிட் பெட்டிப் பலகையில் மாதிரி செய்து கொடுத்தான். இந்தப் பக்கம் ஒரு காலிங் பெல் ஸ்விட்ச், அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் டார்ச் பல்பு, பின்னால் பேட்டரி. இரண்டையும் அழுத்தினால் பல்பு எரியும். எரிந்தால் பிரஸ் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதை விளக்க ஓர் ஆள் வேண்டும். பிரஸ்ஸை அறிந்த ஆள் வீட்டிலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜெபத்தில்கூட அதைத் தொடாமல் சுற்றிப் போனாள்.

ஜன்னலோர பெஞ்சில் பத்மா என்று ஒரு பெண் இருந்தாள். பக்தவத்சலத்தின் மகள்.

விபத்துக்குப் பிறகு அருள்செல்வி அந்தப் பெண்ணைத் திட்டியதில்லை. கேள்வி கேட்டதும் இல்லை. அவள் கை தூக்கினால் பார்வை தானாக அடுத்த பெஞ்சுக்குப் போய்விடும். இந்த வகுப்பைப் பற்றி யோசித்த முதல் நாளிலிருந்தே அவளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இந்தப் பெண் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய், சாப்பிட உட்காரும் அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

*

பால்ராஜ் வகுப்புக்குள் வந்தபோது வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தான். பிள்ளைகள் எழுந்து நின்று, "வணக்கம் ஐயா," என்று இழுத்தார்கள். அவன் மிரண்டுபோனான். திரும்பி ஓடிவிடுவானோ என்றுகூட அருள்செல்விக்குத் தோன்றியது.

ஓடவில்லை. முதலில் தரையைப் பார்த்துப் பேசினான். பிறகு மாதிரியைப் பார்த்து. பிறகு எப்போது என்று தெரியாமலே பிள்ளைகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தான்.

"இங்க பாருங்க. இந்தக் கை இங்க. அந்தக் கை அங்க. ரெண்டும் சேந்து அமுக்கு. தோ, எரியுதா? ஒண்ண வுடு. போச்சா? அவ்ளதான். ஒருத்தன் வந்தா கதவு தெறக்காது. ரெண்டு பேரும் வரணும்."

ஒவ்வொரு பெஞ்சாக வந்து அழுத்திப் பார்த்தார்கள். சிரித்தார்கள், இடித்துக்கொண்டார்கள். "வரிசையா வா நைனா, பிரஸ்ஸுல இந்த மாரி இடிச்சிக்கினா போர்மேன் உதைப்பாரு," என்றான். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. பின்னால் நாற்காலியில் இராமகிருஷ்ணனும் சிரித்தார். அருள்செல்வி சுவரில் சாய்ந்து நின்றாள். கல்யாணமான புதிதில் அவளைச் சிரிக்க வைத்த மனிதன் அங்கே நின்றுகொண்டிருந்தான்.

முன்பெஞ்சில் இருந்த பூங்காவனம் எழுந்தாள். துறுதுறுவென்ற பெண்.

"சார், ரெண்டு கையும் பட்டன்லதான சார் இருக்கும்? அப்பொ உங்க கை எப்புடி சார் உள்ள போச்சு?"

வகுப்பு அடங்கியது.

"ஒரு பட்டன் கெட்டுப்போச்சும்மா," என்றான் பால்ராஜ்.

பூங்காவனம் உட்காரவில்லை. மாதிரியைப் பார்த்தாள், யோசித்தாள். "கெட்டுப்போனா லைட்டு எரியாதே சார். டீச்சர் அப்புடித்தான சொன்னாங்க?"

இராமகிருஷ்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "சபாஷ். நல்ல கேள்வி."

"அப்புடி கெட்டுப்போவல. அமுங்கின மேனிக்கே மாட்டிக்கிச்சு," என்றான் பால்ராஜ். "அமுங்கியே கெடந்தா இன்னொரு கை சும்மாத்தான் இருக்கும். அது உள்ள போவும்."

"அதைச் செய்து காட்டுங்களேன்," என்றார் இராமகிருஷ்ணன். உற்சாகம் அவருக்கு. "ஒரு பொத்தான் அழுந்தியே இருந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்."

பால்ராஜ் ஒரு ஸ்விட்சை அழுத்தி விட்டான். அது மேலே வந்துவிட்டது. மறுபடி அழுத்தினான். மறுபடி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நொடிகூட இருக்காது. முன்பெஞ்சில் புத்தகக் கட்டைச் சுற்றியிருந்த சைக்கிள் ட்யூப் ரப்பரை அவனுடைய இடது கை எடுத்தது. பலகைக்குக் கீழே ஒரு சுற்று, ஸ்விட்சுக்கு மேலே ஒரு சுற்று, ஓர் இழுப்பு, ஒரு சொருகல். ஸ்விட்ச் அழுந்தி நின்றது. காலையில் வகிடு எடுக்கத் தெரியாமல் தடுமாறிய அதே கை.

இப்போது ஒரே ஒரு விரல் பட்டதும் பல்பு எரிந்தது.

"ஐ!" என்று கத்திக்கொண்டு நாகவல்லி எழுந்துவிட்டாள். "எங்கப்பாவும் இப்புடித்தான் சார் கட்டுவாரு! எங்கூட்டு பழைய ட்யூப வெட்டி வெட்டி எடுத்துனு போவாரு. ஒரு பட்டனக் கட்னாதான் நாளைக்கு இத்தினி பீசுன்ற கவுண்ட்டு வருமாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். பால்ராஜ் சிரிக்கவில்லை. அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

அந்த இடத்தில் அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். 'ஜாம் ஆனா இப்படித்தான் இருக்கும்னு காட்டினேன்' என்று சொல்லியிருந்தால் போதும். அருள்செல்வி அதைத்தான் மனசுக்குள் அவனுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்க. சொல்லிடுங்க.

அவன் நாகவல்லியிடம் திரும்பினான்.

"எங்க வேல பாக்குறாரு உங்கப்பா?"

"பாடில சார்."

"இன்னிக்கும் கட்டிருப்பாரா?"

"தெனமும் கட்டுவாரு சார்." பெருமையாகச் சொன்னாள்.

பால்ராஜ் வலது கைத் துண்டைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். கையை உயர்த்தினான். முன்பெஞ்சில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நானும் தெனமும்தாம்மா கட்டினேன். யாரும் சொல்லித் தர்ல. பக்கத்து மெஷின்காரன் கட்டினான், நானும் கட்டினேன். ரெண்டு கையும் வச்சி வச்சி எடுத்தா கவுண்ட்டு வராது. வராதவன மறுநா உள்ள வுட மாட்டான். ஊட்டுக்குப் போயி உங்கப்பாகிட்ட சொல்லு. கட்டாதன்னு ஒருத்தரு சொன்னாருன்னு சொல்லு. இந்தக் கையப் பாத்தேன்னு சொல்லு."

எஸ்டேட் பக்கமிருந்து சங்கு ஊதியது. அது நீளமாக ஊதி ஓயும்வரை யாரும் அசையவில்லை.

அருள்செல்வி ஜன்னலோர பெஞ்சைப் பார்த்தாள். பத்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருட சர்வீஸில் இப்படி ஒரு வகுப்பைப் பார்த்ததில்லை அம்மா," என்றார் இராமகிருஷ்ணன் வெளியே வந்து. அவர் கண் கலங்கியிருந்தது. "இதை எல்லா ஆசிரியர்களும் பார்க்க வேண்டும். உங்கள் கணவரைப் பயிற்சிக்கே அழைத்து வாருங்கள்."

அவள் வணக்கம் சொன்னாள்.

வராந்தாவில் பால்ராஜ் துண்டை மறுபடி சுற்ற முயன்றுகொண்டிருந்தான். அவள் உதவப் போகவில்லை. அவனும் கேட்கவில்லை.

"நான் ஊட்டுக்குப் போறேன்," என்றான்.

*

மதியம் மணி அடித்தபோது செலின் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அந்தப் பொண்ணு யாரு பொண்ணுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சிஸ்டர்."

"தெரிஞ்சுமா அவர இங்க கூட்டிட்டு வந்தே?"

அருள்செல்வி தரையைப் பார்த்தாள். செலின் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வையை மேசைக்குத் தாழ்த்திக்கொண்டார். புரிந்துகொண்டுவிட்டார் என்று தெரிந்தது. அது திட்டு வாங்குவதைவிட மோசமாக இருந்தது.

"சின்னப் பொண்ணுதானே. கூப்பிட்டுப் பக்குவமா ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்," என்றார் செலின், யாரிடமோ சொல்வதுபோல.

பத்மா அடிபம்பில் டிபன் டப்பா கழுவிக்கொண்டிருந்தாள். அருள்செல்வி போய் பம்பை அடித்துக் கொடுத்தாள். தண்ணீர் இரும்பு வாடையோடு கொட்டியது. டப்பா கழுவியாயிற்று. பத்மா போகாமல் நின்றாள்.

"பத்மா."

"டீச்சர்."

இன்னிக்குக் கிளாஸ்ல கேட்டதை வீட்டுல சொல்ல வேணாம். இத்தனைதான் வாக்கியம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் ஓர் ஆசிரியை அதைச் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்தாள். திங்கட்கிழமையை நினைத்தாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

பத்மா முந்திக்கொண்டாள்.

"டீச்சர், எங்கம்மா எங்கப்பாகூட பேசறதில்ல டீச்சர்."

"ஏன்?"

"சார் வெரல் போனதுலேர்ந்து. அந்த மூணு வெரல் பாவமும் உம்மேலதான் விழும், எம் புள்ளைங்களையும் சும்மா வுடாதுன்னு அம்மா அழுவாங்க. நான் பொய் சொல்லலே, பட்டன் ஜாம் ஆவலேன்னு அப்பா எங்க தலமேல கைய வச்சி சத்தியம் பண்ணாரு. அம்மா நம்பல. தட்ட வச்சிட்டு உள்ள போயிருவாங்க. அப்பா தனியா உக்காந்து சாப்புடுவாரு."

டப்பாவிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பத்மா அதைப் பாவாடையில் துடைத்தாள்.

"நானும் நம்பல டீச்சர். இன்னிக்குப் போயி அம்மாகிட்ட சொல்லணும்."

அருள்செல்வி பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்க என்னாமோ சொல்ல வந்தீங்களே டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. பெல் அடிச்சிரும், போ."

*

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது டேவிட் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தான். பால்ராஜ் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். டேவிட் கைகால்கூடக் கழுவாமல் கிரீஸ் கையோடு கூடத்தில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தான்.

"இன்னா அண்ணி இது? நம்ம தலைல நாமளே மண்ண வாரிப் போட்டுக்கினோமே! ஊருல எவ்ளோ பேரு கீறான், போஸ்ட்மேன் கீறான், பால்காரன் கீறான், கிளாஸுக்கு இட்டுனு போறதுக்கு எங்கண்ணன்தான் கெடச்சானா?"

அவள் பையை இறக்கி வைத்தாள். கணவனைப் பார்த்துக் கேட்டாள்.

"நிஜமா?"

பால்ராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நிஜமாங்க? நீங்களே கட்டினீங்களா?"

"ம்."

அவள் டேவிட் பக்கம் திரும்பினாள். அவன் நடப்பதை நிறுத்தியிருந்தான். அவன் நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கும் தெரியும்."

டேவிட் கிரீஸ் கையைப் பார்த்தான். "நான்தான் அறுத்தேன். அண்ணன் கத்தினதும் ஓடியாந்தேன். சூப்பர்வைசர் வர்றதுக்குள்ள ரப்பர அறுத்து பாக்கெட்ல போட்டுக்கினேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அவன் கைய அப்புறந்தான் பாத்தேன்."

அடுத்த வீட்டு ரேடியோவில் விவசாயச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைக் கேட்பதுபோல இருந்தார்கள்.

"எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

"உனக்குப் பொய் வராது," என்றான் பால்ராஜ். "ஸ்கூல்ல, கோயில்ல யாராச்சும் கேட்டா மூஞ்சியே காட்டிக்குடுத்துரும். தெரியாமயே இருந்துட்டா நீ தைரியமா பேசுவே. பேசினே. ஃபாதர்கிட்ட பேசினே, தெருவுல பேசினே. நீ பேசறதக் கேட்டுக் கேட்டு எனக்கே ஜாம் ஆனமாரிதான் தோணிப்போச்சு."

"அப்புறம் ஏன் இன்னிக்குச் சொன்னீங்க?"

அவன் சுவரைப் பார்த்தே சொன்னான்.

"அந்தப் பொண்ணு சிரிச்சுகினே சொல்லுது. தெனமும் கட்டுவாருன்னு."

டேவிட் பல்லைக் கடித்தான். "அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க தப்பிச்சாங்க. பாடிக்காரன் தப்பிச்சான். நான்? திங்கக்கெழம நான் மேல ஏறி இன்னாத்த சொல்லட்டும்?"

மறுநாள் விளக்குப் போடுகிற நேரத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

*

பக்தவத்சலத்தை அருள்செல்வி கோர்ட் வராந்தாவில்தான் முதலில் பார்த்திருந்தாள். அப்போது தடித்த, கர்வமான ஆளாகத் தெரிந்தார். இப்போது வாசலில் நின்றவர் சட்டை தொளதொளவென்று தொங்க, நரைத்த தாடியோடு இருந்தார். உள்ளே வரச் சொன்னாள். வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"எம் பொண்ணு வந்து சொன்னா," என்றார்.

அவர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கூட்டுக்காரி சோறு போட்டா டீச்சர். பக்கத்துல உக்காந்து போட்டா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "பால்ராஜி, சண்டைக்கு வர்ல. ட்யூப் கட்றது எனக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். பாத்தும் பாக்காத மாரி போவேன். எனக்கும் மேல கவுண்ட்டு கேக்கறான். ஆனா ஜாம்னு நீ எங்கிட்ட வந்து சொல்லல. நான் ஓட்டுன்னும் சொல்லல. அத எம்மேல போட்டியே, அதான் தாங்கல."

பால்ராஜ் தலை குனிந்தான்.

"இத அங்க சொல்லுவியா நைனா? தெரிஞ்சிதான் வுட்டேன்னு கோர்ட்ல சொல்லுவியா?" என்றான் டேவிட்.

பக்தவத்சலம் அவனைப் பார்த்தார். "எனக்கும் புள்ளைங்க கீது டேவிட்."

பிறகு அருள்செல்வியைப் பார்த்தார்.

"கம்பெனில சொல்லிட்டேன். எங்க வக்கீலு, நேர்ல கேட்டவங்க யாராச்சும் திங்கக்கெழம வரணும்ன்றாரு. கிளாஸ்ல இருந்த அந்தப் பெரிய ஆபிசரு இதுல தலையிட மாட்டேன்னுட்டாரு. மிச்சம், எம் பொண்ணு. அவளக் கூப்புடுன்றாங்க. எனக்கு மனசு இல்ல டீச்சர். அம்மாம் பெரிய எடத்துல அவள ஏத்தி நிக்க வைக்க எனக்கு மனசு இல்ல. நீங்க வந்து சொல்லிட்டா அவ வர வேணாம்."

"வீட்டுக்காரனுக்கு எதிரா பொண்டாட்டிய கூப்புட வந்துகிறியா? நல்லாருக்கே நாயம்!" டேவிட் வாசலுக்கு வந்துவிட்டான். "உம் பொண்ணையே ஏத்து. ஏத்து! எங்க வக்கீலு ரெண்டு கேள்வி கேட்டா போதும், கூண்டுலயே அழுவும். அழுதுகினே மாத்திச் சொல்லும். அதோட முடிஞ்சிது. அண்ணி, பேசாதீங்க. அந்தப் பொண்ணே வரட்டும்."

பக்தவத்சலம் பின்னால் ஓர் அடி வைத்தார். நிலைப்படி விளக்கு வெளிச்சம் அவர் முகத்தை விட்டு விலகியது.

அருள்செல்வி ஏழாம் வகுப்பின் பெஞ்சுகளை நினைத்தாள். தன்னுடைய பார்வை எப்போதும் தாண்டிப்போன அந்த ஜன்னலோரத்தை நினைத்தாள். அந்தப் பெண்ணை வைத்து அவள் ஏற்கெனவே ஒரு காரியம் செய்து பார்த்தாயிற்று.

"பத்மா வர வேணாம்," என்றாள். "நான் வர்றேன்."

"அண்ணி!"

பக்தவத்சலம் கை கூப்பினார். என்ன சொல்லப்போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டு நின்றது.

பால்ராஜ் கேட்டான்.

"வந்து இன்னா சொல்லுவே?"

"நீங்கதான் சொல்லணும்," என்றாள். "கோர்ட்ல சொன்னதையா, பிள்ளைங்ககிட்ட சொன்னதையா?"

அவன் துண்டை எடுத்து வலது கையில் சுற்ற ஆரம்பித்தான்.

டேவிட் ஆணியில் மாட்டியிருந்த வேறு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். வாசல்வரை போனான். அங்கே நின்று, திரும்பாமலே பேசினான். நேற்றுக் காலையில் கேலி பேசிய குரல் அது என்று நம்புவது கஷ்டம்.

"அண்ணி, முதல்ல ஏறுறது நான். சத்தியம் பண்ணி ஜாம்னு சொல்லிட்டு எறங்குவேன். அண்ணனுக்காக எனக்கு வேற வழி கெடையாது. எனக்கு அப்புறந்தான் நீங்க ஏறுவீங்க." மூச்சை இழுத்தான். "நீங்க உண்மையச் சொன்னீங்கன்னா, வேல போறது அண்ணனுக்கு. பொய்ச் சாட்சின்னு ஜெயிலுக்குப் போறது நான்."

அவன் இறங்கிப் போய்விட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவானா என்று கேட்க அருள்செல்வி வாசல்வரை ஓடினாள். கூப்பிடாமலே திரும்பி வந்து, மூன்று தட்டு எடுத்து வைத்தாள்.